பகடையில் ஒன்று விழுந்தால்

அன்புள்ள மருமகனுக்கு,

லீட்சில் நீ குடிபோன வீட்டுக்குப் பக்கத்திலேயே பொம்மைப் படை வைத்துப் பழைய போர்களை ஆடும் கிளப் இருக்கிறது, சேரலாமா என்று கேட்டிருந்தாய். தாராளமாகச் சேர். ஆனால் அதற்காக இப்போதே கடைக்குப் போய்ப் பெட்டி பெட்டியாகச் சிப்பாய்களை வாங்கிவிடாதே. ஆசையில் வாங்கியதில் பாதி, வண்ணத்தையே பார்க்காமல் பரணில் கிடக்கும். இத்தகைய கிளப்களில் புதிதாக வருபவருக்குப் படையை இரவல் கொடுத்து ஆடவைப்பது சகஜம். முதல் சில வாரம் கைவீசிக்கொண்டு போ.

எந்த விதிநூலில் தொடங்குவது? பிரமாண்டமான வாட்டர்லூ மேசையைப் பார்த்து மயங்காதே. பழங்காலப் போர்களுக்கென்று ஃபில் பார்க்கரும் கூட்டாளிகளும் எழுதி 1990இல் வந்த டி.பி.ஏ.வைக் கேள். ஒரு படைக்குப் பன்னிரண்டே பேஸ்கள், அதாவது சிப்பாய்களை ஒட்டிவைக்கும் சிறு தட்டுகள். 15 மில்லிமீட்டர் சிப்பாய்கள் என்றால் ஒவ்வொரு பேஸும் 40 மில்லிமீட்டர் அகலம். அதில் ஈட்டிக்காரர் நால்வர், குதிரைவீரர் மூவர், யானை என்றால் ஒன்றே ஒன்று. இரண்டடிச் சதுரப் பலகை போதும். ஒரு மணி நேரத்துக்குள் ஆட்டம் முடிந்துவிடும். தோற்றாலும் அன்றே இன்னொன்று ஆடலாம்.

இதில் கவனிக்க வேண்டியது கட்டளைப் பகடை. உன் முறை வந்ததும் ஒரே ஒரு பகடையை உருட்டுவாய். விழுகிற எண்தான் அந்த முறையில் நீ இடக்கூடிய கட்டளைகளின் எண்ணிக்கை. ஒட்டி வரிசையாக நிற்கும் பேஸ்கள் எத்தனையானாலும், சேர்ந்து முன்னேற ஒரு கட்டளை போதும். அதே பேஸ்கள் சிதறி நின்றால் தலைக்கு ஒரு கட்டளை. ஒன்று விழுந்ததோ, ஒரு பேஸ் நகரும். மற்றவை வேடிக்கை பார்க்கும். தளபதியை விட்டு வெகுதூரம் போன குதிரைப்படையைத் திருப்ப வேண்டுமா? கூடுதலாக ஒன்று செலவாகும். வரலாற்றுப் புத்தகத்தில் ‘அந்த மனிதர் ஏன் அப்போதே இடப்பக்கத்தைத் திருப்பவில்லை?’ என்று எவ்வளவு சுலபமாகக் கேட்டுவிடுகிறோம்! அணி உடைந்தபின் இரண்டு முறை தொடர்ந்து ஒன்று விழட்டும், அந்தக் கேள்வியை நீ கேட்கமாட்டாய். 1824இல் பிரஷ்ய அதிகாரி ரைஸ்விட்ஸ் வெளியிட்ட போர்ப் பயிற்சி ஆட்டத்திலும் நடுவர் இதைத்தான் செய்தார்: தூதன் குதிரையில் போய்ச் சேரும் நேரம் ஆகும்வரை உத்தரவைப் படைக்குச் சேர்க்கமாட்டார். (1913இல் ஹெச்.ஜி. வெல்ஸ் எழுதிய விதிகளில் விளையாட்டுப் பீரங்கியால் மரக்குச்சியைச் சுட்டுப் பொம்மைச் சிப்பாய்களை வீழ்த்த வேண்டும். கலகலப்பான ஆட்டம்தான், ஆனால் நினைத்த பேர்வழிகள் நினைத்த இடத்துக்கு நகர்ந்துவிடுகிறார்கள்.)

மோதல் எளிது. ரோமானிய வாள்வீரர் காலாட்படையை எதிர்த்தால் அவர்களின் அடிப்படை எண் 5. கிரேக்க ஈட்டிக்காரருக்கு 4. இருவரும் பகடை உருட்டிக் கூட்டுவார்கள். ரோமானியருக்கு 2, கிரேக்கருக்கு 5 என்றால் 7க்கு 9: ரோமானியர் பின்வாங்குவர், அவ்வளவுதான். ரோமானியருக்கு 6, கிரேக்கருக்கு 1 என்றால் 11க்கு 5: இரு மடங்குக்கு மேல், ஈட்டிக்காரர் பேஸ் மேசையை விட்டே போய்விடும். ஆனால் நேருக்கு நேர் இப்படி அதிர்ஷ்டத்தை நம்பி மோதிக்கொண்டே இருப்பவர்கள் தேறுவதில்லை. எதிரியின் விலாவில் உன் பேஸ் ஒன்று முட்டிக்கொண்டு நிற்கும்போது அவன் பின்வாங்க நேர்ந்தால் அப்படியே அழிவான். ஆகவே முதலில் விலா, பிறகு முகம். நான்கு பேஸை இழந்து, எதிரியைவிட அதிகமாகவும் இழந்திருந்தால் தோல்வி.

பழக்கவழக்கம் ஒன்றிரண்டு. பிறர் பொம்மையைக் கேட்காமல் தொடாதே. தொட்டால் பேஸைப் பிடித்துத் தூக்கு, ஈட்டியைப் பிடிக்காதே. நகர்த்தும் முன் ‘இந்தப் பேஸ் அந்த விலாவுக்குப் போகிறது, எட்டும்தானே?’ என்று வாய்விட்டுச் சொல், இருவருமாக அளந்துகொள்ளுங்கள். பாதிச் சண்டை இதிலேயே அடங்கும். டீக் கோப்பை மேசை மேல் வரவே கூடாது.

எந்தப் படை என்று பிறகு முடிவு செய்யலாம். டி.பி.ஏ. பட்டியலில் தமிழர் படையும் இருக்கிறது, யானைகளோடு. ஆனால் அதற்காகவே அதை எடுக்காதே. யானை எல்லாரையும் மிதிக்கும் என்ற நினைப்பில் இறங்கி, கவண்காரச் சிறுவர்களிடம் அதை இழப்பவர் நிறைய. நான் என்றால் கிரேக்க ஈட்டிப்படையைச் சொல்வேன்: ஒரே அணியாக நிற்கும், ஒன்று விழுந்தாலும் நகரும். நம் வாழ்நாளில் நடந்த போர்களை ஆடுவோரும் உண்டு. நான் அந்த மேசையில் உட்காருவதில்லை. அதில் இறந்தவர்களின் தாய்மார்கள் இன்னும் இருக்கிறார்கள். உன் மனசுக்கு எப்படியோ.

வாங்கும் காலம் வந்தால், லண்டனில் ஆண்டுதோறும் சவுத் லண்டன் வார்லார்ட்ஸ் கிளப் நடத்தும் ‘சல்யூட்’ கண்காட்சிக்குப் போகலாம். அதுவரை பிரஷ் வாங்கப் பணம் வேண்டாம், என்னிடம் நல்லதாக இரண்டு இருக்கின்றன. அடுத்த பார்சலில் உன் அம்மா கொடுத்த ஊறுகாயோடு அனுப்புகிறேன், தனித்தனிப் பையில்.

அன்புடன்,
மாமா