மழலையைக் கேட்போம்

மழலையின் இனிமையை வள்ளுவர் மக்கட்பேறு என்னும் அதிகாரத்தில் போற்றியுள்ளார். ஆயினும் மழலை மகிழ்வதற்கு மட்டும் உரியதன்று. குழந்தையின் செவி நலமாக உள்ளதா என்பதை நமக்கு அறிவிப்பதும் அதுவே.

மழலை வளரும் முறை

பிறந்த குழந்தைக்கு அழுகையே மொழி. இரண்டாம் மாதம் முதல் 'ஊ', 'ஆ' என்று உயிரொலிகளை எழுப்பும். தாய் முகம் நோக்கிப் பேசினால், கேட்டிருந்து பின்னர்த் தானும் குரல் கொடுக்கும். ஆறு முதல் பத்து மாதங்களுக்குள் 'மாமா', 'பாபா', 'தாதா' என்று ஒலிகள் அடுக்கடுக்காக வரும். இதழ்களை மூடித் திறந்தாலே மகரமும் பகரமும் பிறப்பதால், 'அம்மா', 'அப்பா' என்பன குழந்தைக்கு எளிதாகின்றன. ஓராண்டு நிறைவையொட்டிப் பொருளறிந்து முதற்சொல்லைக் கூறும். விரலால் சுட்டுவதும் கையசைப்பதும் பேச்சின் பகுதிகளே.

ஏமாற்றும் ஆறு மாதங்கள்

காது கேளாத குழந்தையும் முதல் ஆறு மாதங்களில் சிரிக்கும், உயிரொலிகளை எழுப்பும். ஆதலால் பெற்றோர் ஐயம் கொள்வதில்லை. அதன் பின்னரே வேறுபாடு புலப்படும். பிறர் குரலையும் தன் குரலையும் கேளாத குழந்தைக்கு அடுக்கொலிகள் உரிய காலத்தில் வருவதில்லை.

வடசென்னையை இங்கே எடுத்துக்கொள்வோம். இராயபுரம், திருவொற்றியூர், எண்ணூர்ப் பகுதிகளில் துறைமுகமும் தொழிற்சாலைகளும் சரக்கு லாரிகளும் எழுப்பும் இரைச்சல் மிகுதி. ஓசை கேட்டும் குழந்தை திரும்பாவிடில், 'சத்தத்திற்குப் பழகிவிட்டது' என்று எண்ணிவிடுதல் எளிது. கிராமத்திலோ, 'இவன் தகப்பனும் மூன்று வயதில்தான் பேசினான்' என்று பெரியோர் ஆறுதல் கூறுவர். இரண்டாலும் காலம் வீணாகும்.

நாம் செய்ய வேண்டுவன

பிறந்த ஒரு மாதத்திற்குள் செவிச் சோதனை, மூன்று மாதத்திற்குள் குறையை உறுதி செய்தல், ஆறு மாதத்திற்குள் சிகிச்சை அல்லது பயிற்சி. இதுவே மருத்துவர் வகுத்துள்ள கணக்கு. 2013-ஆம் ஆண்டு தொடங்கிய தேசியக் குழந்தைகள் நலத் திட்டத்தில் பிறவிச் செவிக்குறையைக் கண்டறிவதும் அடங்கும். முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்டத்தில், ஆறு வயதுக்குட்பட்ட தகுதியுள்ள குழந்தைகளுக்குக் காக்ளியர் கருவி பொருத்தும் சிகிச்சையும் சேர்க்கப்பட்டுள்ளது.

நெருங்கிய உறவில் மணம் புரிதலும், கருவுற்ற காலத்தில் தாய்க்கு வரும் ருபெல்லா நோயும் பிறவிச் செவிக்குறைக்குக் காரணமாகலாம். தடுப்பூசியைத் தவறாது போடச் செய்தல் வேண்டும்.

வீட்டில் கதவைச் சாத்தி, இரைச்சல் அடங்கிய வேளையில், குழந்தையின் பார்வைக்குப் படாமல் நின்று மெல்ல அழைத்துப் பாருங்கள். திரும்பினாலும் ஐயம் இருப்பின் மருத்துவரிடமே செல்க. வீட்டுச் சோதனை முடிவாகாது. பத்து மாதமாகியும் அடுக்கொலி வராத குழந்தையை உடனே காட்டுதல் இன்றியமையாதது.

நாள்தோறும் சிறிது நேரம் வானொலியையும் தொலைக்காட்சியையும் நிறுத்திவிட்டுக் குழந்தையுடன் பேசுதல் நன்று. அது ஒலி எழுப்பினால் மறுமொழி கூறுங்கள்.

ஊராட்சி உறுப்பினர்கள் தம் ஊரில் ஓராண்டுக்குட்பட்ட குழந்தைகளை அங்கன்வாடிப் பணியாளருடன் கூடிக் கணக்கெடுத்து, சோதனை செய்யப்படாதோரை ஆரம்ப சுகாதார நிலையத்திற்கு அனுப்பி வைப்பார்களாக. சாலையும் கிணறும் ஓராண்டு தாமதித்தால் மறு ஆண்டு அமைக்கலாம். குழந்தை பேச்சுக் கற்கும் பருவமோ காத்திராது.