பழைய கேசட்டைக் கம்ப்யூட்டரில் ஏற்றுவோம்

கம்ப்யூட்டரில் பாட்டுக் கேட்க எல்லோருக்கும் தெரியும். வேர்டில் எழுத்துகளை வெட்டி ஒட்டுவதுபோல் ஒலியையும் வெட்டி ஒட்டலாம், இரைச்சலைக் குறைக்கலாம் என்பது புதிதாகக் கம்ப்யூட்டர் வாங்கிய பலருக்குத் தெரிவதில்லை. இதற்கு நான் பயன்படுத்துவது ஆடாசிட்டி. அமெரிக்காவின் கார்னகி மெலன் பல்கலைக்கழகத்தில் டொமினிக் மஸோனியும் ரோஜர் டேனன்பெர்க்கும் 1999-இல் தொடங்கிய இந்த சாஃப்ட்வேர் 2000-இல் வெளியானது. இலவசம்தான், விண்டோஸ், மேக், லினக்ஸ் மூன்றிலும் இயங்கும்.

எங்கள் அம்பத்தூர் வீட்டில், மறைந்த பாட்டியின் தாலாட்டு ஒரே ஒரு கேசட்டில் இருந்தது. ஓட்ட ஓட்ட நாடாவின் காந்தப் பூச்சு தேயும். ஆகவே முதல் வேலையாக அதை ஏற்றினேன்.

டேப்ரிக்கார்டரின் ஹெட்ஃபோன் துளையிலிருந்து ஒயரை எடுத்து, கம்ப்யூட்டரின் பின்னால் நீல நிறத்தில் உள்ள லைன்-இன் துளையில் செருகுங்கள். மைக் துளை வேண்டாம். அது ஒலியைப் பெருக்கிக் கரகரப்பாக்கிவிடும். லேப்டாப் என்றால் லைன்-இன் உள்ள யூஎஸ்பி சவுண்ட் கார்டு தேவைப்படும். சிவப்புப் பட்டனை அழுத்தினால் பதிவு தொடங்கும். மீட்டர் மைனஸ் 6-ஐத் தாண்டாமல் வால்யூமை வையுங்கள். உச்சி வெட்டுப்பட்ட ஒலியைப் பிறகு முழுமையாக மீட்க முடியாது.

அடுத்து இரைச்சல். யாரும் பாடாத, வெறும் 'உஸ்' மட்டும் கேட்கும் ஓரிரு விநாடிகளைத் தேர்ந்தெடுத்து, எஃபெக்ட் மெனுவில் நாய்ஸ் ரிடக்ஷன் சென்று, கெட் நாய்ஸ் ப்ரொஃபைல் க்ளிக் செய்யுங்கள். இரைச்சல் எப்படிப்பட்டது என்று சாஃப்ட்வேர் கற்றுக்கொள்ளும். பிறகு முழுப் பதிவையும் தேர்ந்தெடுத்து, அதே எஃபெக்ட்டைத் திறந்து ஓகே கொடுங்கள். பேராசை வேண்டாம்! அளவு மீறினால் குரல் தண்ணீருக்குள்ளிருந்து வருவதுபோல் ஆகிவிடும். கொஞ்சம் 'உஸ்' இருக்கட்டும்.

'ஙொய்' என்ற மின்சார உறுமல் இருந்தால் நாட்ச் ஃபில்டர் உதவும். அதில் அமெரிக்க வழக்கப்படி 60 இருக்கும். நம் மின்சாரம் 50 ஹெர்ட்ஸ் என்பதால் 50 என்று மாற்றி ஒருமுறையும், 100 என்று ஒருமுறையும் கொடுங்கள்.

ஆவடி ரயிலின் ஹாரன் பாட்டியின் குரல்மேல் விழுந்த இடத்தில் இந்த வித்தை எதுவும் பலிக்கவில்லை. ஹாரனை எடுத்தால் குரலும் சேர்ந்து போகிறது. விட்டுவிட்டேன், அதுவும் எங்கள் வீட்டு ஒலிதானே!

சேவ் கொடுத்தால் ஆடாசிட்டி மட்டுமே திறக்கும் ப்ராஜெக்ட் ஃபைல்தான் கிடைக்கும். எனவே எக்ஸ்போர்ட்டில் வேவ் ஃபைலாக எடுங்கள். விநாடிக்கு 44,100 மாதிரிகள், 16 பிட், ஸ்டீரியோ என்றால் நிமிடத்துக்குச் சுமார் 10 எம்பி, மோனோவில் பாதிதான். வேவ் ஃபைலை ஹார்ட் டிஸ்கிலும் பென் டிரைவிலும் வையுங்கள். உறவினர்களுக்கு அனுப்ப எம்பி3 போதும்.