கைவிடப்பட்ட மாணிக்கக் குழிகளைக் களிமண்ணால் அடைத்தல்



இரத்தினபுரி மாவட்டத்து வயல்கள் பலவற்றின் கீழ் இரத்தினக்கல் பொதிந்த சரளைப்படை உண்டு. இதனை ‘இல்லம்’ என்பர். மேல்மண், களி, மணல் ஆகிய படைகளை ஊடறுத்தே இதனை அடைதல் வேண்டும். கல் அகழ்ந்து முடிந்தபின் குழியை அவ்வாறே விட்டுவிட்டால் நட்டம் நிலத்துக்குரியவருக்கேயாம்.

தீமைகள் யாவை?

வயலில் நீரைத் தாங்கி நிற்பது களிப்படையே. அதனைத் துளைத்த வயல் ஓட்டைப் பானையை ஒக்கும். எவ்வளவு நீர் பாய்ச்சினும் மணலூடே கீழிறங்கிவிடும். 2003, 2017 ஆம் ஆண்டுகளின் மே மாதங்களில் வந்தாற்போன்ற பெருவெள்ளத்தின்போது குழியின் வாய் கண்ணுக்குத் தெரியாது. பிள்ளைகளும் மாடுகளும் வீழ்ந்து இறக்க நேரிடும். தேங்கிய நீரில் நுளம்பு பெருகும். 2016 இல் இலங்கை மலேரியா அற்ற நாடெனச் சான்று பெற்றதாயினும், அந்நோயைப் பரப்பும் நுளம்பு இன்னும் ஒழியவில்லை.

அடைக்கும் முறை

மழை குறைந்த தை, மாசி மாதங்களே இதற்கு உகந்தவை. “முதலில் தோண்டியது கடைசியில் போடப்படும்” என்னும் விதியை மறவாதீர்கள்.

1. குழியைச் சுற்றி வேலியிடுக. பழைய குழியினுள் இறங்குதல் கூடாது. அங்கே பிராணவாயு குறைந்திருக்கலாம், சுவரும் சரியலாம். நீரிறைக்கும் எண்ணெய் இயந்திரத்தை மேலேயே வைத்து இயக்குக. அதன் புகையிலுள்ள நச்சுவாயு குழிக்குள் தங்கி உயிரைப் போக்கும்.

2. முதலிற் சரளையையும் அதன்மேல் மணலையும் இட்டு, நிலமட்டத்துக்கு 4 அடி கீழ்வரை நிரப்புக. குழை, வைக்கோல், குப்பை ஆகியவற்றை இடற்க. அவை உக்கியபின் வெற்றிடம் தோன்றும். எட்டக்கூடிய கமுகு மரங்களை அனுபவமுள்ள தொழிலாளரைக் கொண்டு அகற்றுக. நீர் ஊற்றி நிரப்பு மண்ணை நன்கு அமிழவிட்டு, தாழ்ந்த அளவை மீண்டும் நிரப்புக.

3. அடுத்த 3 அடிக்குக் களி இடுக. பிசைந்து திரித்தால் அறாது கயிறுபோல் நீளும் களியே நன்று. சுற்றுச் சுவரை ஓர் அடி உட்புறமாக வெட்டி, பழைய களியோடு புதுக்களி பொருந்தச் செய்க. 6 அங்குலப் படைகளாக, ஈரப்பதத்துடன் இட்டு, ஒவ்வொன்றையும் திமிசுக்கட்டையால் இடித்து இறுக்குக. தேங்கிய நீரில் களியைக் கொட்டினால் இறுகாது.

4. எஞ்சிய ஓர் அடியை மேல்மண்ணால் மூடி, அரை அடி உயர்த்தி விடுக. பின்னர் அது தாழ்ந்து சமப்படும்.

சோதனை

அவ்விடத்தைச் சுற்றி வரம்பு கட்டி 3 அங்குல நீர் நிறுத்துக. அருகிலுள்ள நல்ல பாத்தியிலும் அவ்வாறே செய்க. மறுநாள் இரண்டிலும் நீர் ஒரே அளவில் தாழ்ந்திருப்பின் அடைப்பு நன்று. அதிகம் தாழ்ந்திருப்பின் களிப்படையை மறுபடியும் இடித்து இறுக்குக.

குழாய்க்கிணறுகள்

தோட்டப் பகுதிகளில் வற்றிப்போன குழாய்க்கிணறுகளையும் திறந்தபடி விடாதீர்கள். அவற்றின் வழியே அழுக்குநீர் நிலத்தடி நீரிற் கலந்து, அயற்கிணறுகளையும் கெடுக்கும். பென்டனைற்று என்னும் களி நீரில் ஊறிப் பன்மடங்கு பருப்பதால் இதற்குச் சிறந்தது. சுவீடன் முதலிய குளிர்நாடுகளில் நிலவெப்பம் பெறும் துளைகளைக் கைவிடும்போதும் இதுவே உதவுகின்றது. உருண்டைகளாகச் சிறிது சிறிதாக இட்டு, கல் கட்டிய கயிற்றால் ஆழத்தை அளந்துகொள்க. விரைந்து கொட்டினால் இடையிற் சிக்கிக் கீழே வெற்றிடம் நிற்கும். தொடங்குமுன் நீர்வளச் சபையின் ஆலோசனையைப் பெறுக.

உங்கள் உரிமை

அகழ்வுக்கு அனுமதி வழங்குவது 1993 ஆம் ஆண்டின் 50 ஆம் இலக்கச் சட்டத்தின்கீழ் அமைந்த தேசிய இரத்தினக்கல், ஆபரண அதிகாரசபையாகும். நிலத்தைச் சீர்செய்வதற்கென அனுமதி பெறுபவரிடம் பிணைப்பணம் பெறப்படுகின்றது. ஆகவே, உங்கள் வயலை அகழ்வுக்குக் கொடுக்குமுன், குழியை மூடுபவர் யார், களியை எவ்வாறு இடுவார் என்பனவற்றை எழுத்தில் பெற்றுக்கொள்ளுங்கள்.

கல் ஒருமுறையே கிடைக்கும். நெல்லோ போகந்தோறும் விளையும்.