வீட்டுக் கணனி மௌனமானால்

மண்சரிவு அபாயத்தினால் வீட்டை விட்டு இறங்கிய குடும்பங்கள், உறவினர் வீடுகளிலோ தற்காலிகத் தங்குமிடங்களிலோ காலத்தைக் கழிக்கின்றன. பகலில் ஒருவர் மேலே சென்று கரட், லீக்ஸ் பாத்திகளைப் பார்த்துவிட்டு வருவார். வீடு அப்படியே இருக்கிறது. பிள்ளைகளின் படிப்புக்காக வாங்கிய கணனியும் இணைய இணைப்பும் அங்கேயே இருக்கின்றன. இறங்க மறுத்த வயோதிபர் ஒருவரும் சில வீடுகளில் இருப்பார்.

கொழும்பிலோ குவைத்திலோ வேலை செய்யும் மகள் இரவு எட்டு மணிக்கு வீட்டு இணைப்பின் வழியே அழைக்கிறாள் என்று வைத்துக்கொள்வோம். பதில் இல்லை. பயந்துபோய்க் கீழே இருக்கும் தம்பியை அழைக்கிறாள். அவன் டோர்ச் லைட்டை எடுத்துக்கொண்டு மழையில் மேட்டில் ஏறுகிறான். மேலே போய்ப் பார்த்தால் ட்ரிப் சுவிட்ச் விழுந்திருக்கிறது, அவ்வளவுதான். ஆனால் அவன் ஏறிச் சென்றது சிவப்பு எச்சரிக்கை விடுக்கப்பட்ட சரிவு. தேவையற்ற அந்த ஒரு பயணத்தை எப்படித் தவிர்க்கலாம் என்பதே இந்தப் பாடம். இதற்குப் பெரும் செலவில்லை. கணனி பற்றி ஆழ்ந்த அறிவும் வேண்டியதில்லை.

மின்சாரமும் இணையமும் நமது பகுதிக்குப் புதியவை அல்ல. 1985இல் நிறைவுபெற்ற கொத்மலை அணைக்கட்டுக்காகச் சுமார் மூவாயிரம் குடும்பங்கள் தங்கள் வயல்களையும் வீடுகளையும் விட்டுச் சென்றன. சிலர் மகாவலியின் கீழ்ப்பகுதிக் குடியேற்றங்களுக்கும், சிலர் மேலே துண்டாடப்பட்ட தேயிலைக் காணிகளுக்கும் போனார்கள். அந்த நீரிலிருந்து 201 மெகாவாட் மின்சாரம் பெறக்கூடிய நிலையம் எழுந்தது. 1989இல் கொத்மலைச் சமூக வானொலி தொடங்கியது. 1990களின் இறுதியில் யுனெஸ்கோவின் உதவியுடன் அந்த வானொலிக்கு இணைய இணைப்புக் கிடைத்தது. கம்பளை, நாவலப்பிட்டி ஆகிய இடங்களிலும் பொதுமக்களுக்கு இணைய வசதி ஏற்படுத்தப்பட்டது. நேயர்கள் கேட்கும் கேள்விகளுக்கு அறிவிப்பாளர்கள் இணையத்தில் விடை தேடி வானொலியிலேயே விளக்கினார்கள். கணனியைக் கண்ணால் காணாதவர்களும் அதன் பயனைப் பெற்ற அந்த முயற்சி உலகின் பல நாடுகளில் பேசப்பட்டது.

மின்சாரம் உற்பத்தியாகும் இடத்துக்கு அருகில் இருப்பதனால் மின்தடை வராது என்று எண்ணிவிட முடியாது. 2021 டிசம்பர் 3ஆம் திகதியும் 2023 டிசம்பர் 9ஆம் திகதியும் நாடு முழுவதும் இருளில் மூழ்கியபோது, கொத்மலை–பியகம மின்கடத்தல் வழியில் ஏற்பட்ட கோளாறே காரணம் என்று மின்சார சபை அறிவித்தது. 2025 பெப்ரவரி 9ஆம் திகதி பாணந்துறை உப மின்நிலையத்தில் ஒரு குரங்கு புகுந்ததனால் முழு நாடும் மின்சாரமின்றி இருந்தது. அதே ஆண்டு நவம்பர் இறுதியில் வீசிய டித்வா புயலைப் பற்றி நாம் ஒருவருக்கொருவர் எடுத்துச் சொல்ல வேண்டியதில்லை. அறுநூறுக்கும் மேற்பட்டோர் மாண்ட அந்நாட்களில் மின்சாரமும் தொலைபேசியும் பல இடங்களில் ஒன்றாகவே அறுந்துபோயின. ஒரு குரங்கினாலும் தொடர்பு அறும், மலை சரிவதனாலும் தொடர்பு அறும். தூரத்தில் இருப்பவருக்கு இரண்டும் ஒரே மாதிரியான மௌனமாகத்தான் தெரிகின்றன.

இனி விடயத்துக்கு வருவோம். நின்றுபோன கணனி தான் நின்றுபோனதை யாருக்கும் அறிவிக்க முடியாது. ஆகவே கண்காணிப்பவர் வீட்டுக்கு வெளியே இருக்க வேண்டும். ஏசாயா தீர்க்கதரிசியின் நூலில் இரவைப் பற்றி விசாரிக்கப்படும் காவற்காரனும் உறங்குகின்ற வீட்டுக்குள் இருப்பவன் அல்ல.

வெளியிலிருந்து கண்காணிப்பதற்கு இரண்டு வழிகள் உண்டு. ஒன்று, வெளியிலிருந்து கதவைத் தட்டிப் பார்ப்பது. 1983இல் அமெரிக்கரான மைக் மூஸ் எழுதிய ‘பிங்’ என்னும் சிறு நிரல் இதைச் செய்கிறது. தூரத்திலுள்ள கணனிக்கு ஒரு சிறு செய்தியை அனுப்பிவிட்டுப் பதில் வருகிறதா என்று அது காத்திருக்கும். அலுவலகங்களில் இது நன்றாக வேலை செய்யும். நமது வீடுகளில் பெரும்பாலும் சரிவராது. கையடக்கத் தொலைபேசி வலையமைப்பின் வழியே வரும் வீட்டு இணைப்புகள் பலவற்றில் நூற்றுக்கணக்கான வீடுகளுக்கு ஒரே பொது முகவரிதான் இருக்கும். வெளியிலிருந்து தட்டினால் அது யார் வீட்டுக் கதவு என்றே தெரியாது.

மற்ற வழி, வீடு தானாகவே குறித்த நேரத்துக்கு ஒருமுறை “இருக்கிறேன்” என்று வெளியே சொல்வது. தோட்டத்துப் பெரட்டை நினைத்துக்கொள்ளுங்கள். வேலைக்கு வராதவர் வந்து “நான் வரவில்லை” என்று சொல்வதில்லை. பேர் கூப்பிடும்போது குரல் வராததைக் கொண்டே அவர் இல்லை என்பது தெரிகிறது. இணையத்தில் இவ்விதம் பேர் பதிகின்ற சேவைகள் உண்டு. ‘ஹெல்த்செக்ஸ்’ என்பது அவற்றுள் ஒன்று, அதில் இலவசக் கணக்கும் உண்டு. அது உங்களுக்கென்று ஒரு தனி முகவரியைத் தரும். வீட்டிலுள்ள கருவி ஐந்து நிமிடத்துக்கு ஒருமுறை அந்த முகவரியைத் தொட்டால் போதும். தொடுவது நின்றுவிட்டால், நீங்கள் குறித்த அவகாசம் கழிந்ததும் மின்னஞ்சல் வரும். விண்டோஸ் 10 அல்லது அதற்குப் பிந்திய கணனியானால் ‘டாஸ்க் ஷெடியூலர்’ என்ற பகுதியில் ‘கர்ல்’ என்னும் கட்டளையையும் அந்த முகவரியையும் ஒருமுறை எழுதி வைத்தால் போதுமானது. படித்த பிள்ளை ஒருவர் அரை மணி நேரத்தில் செய்து தருவார். முகவரியை மட்டும் ஊரெல்லாம் கொடுத்துவிடாதீர்கள்.

ஆனால் இதற்காக மேசைக் கணனியை இரவு பகலாக இயக்கி வைப்பதை நாம் சிபாரிசு செய்ய மாட்டோம். 60 வாட் இழுக்கும் கணனி ஒரு மாதத்தில் 43 அலகு மின்சாரத்தைத் தின்றுவிடும். இணையப் பெட்டியாகிய ரௌட்டர் 10 வாட் அளவில் இழுத்தால் மாதம் ஏழு அலகுதான். ஆகவே கணனியை அணைத்துவிட்டு, அந்த வேலையை ஒரு பழைய கையடக்கத் தொலைபேசியிடம் ஒப்படைப்பதே புத்தி. திரை வெடித்து அலமாரியில் கிடக்கும் ஆண்ட்ரொயிட் போன் ஒன்று போதும். குறித்த நேரத்துக்கு ஒருமுறை ஒரு முகவரியைத் தொடுவதற்கும், சார்ஜ் நின்றவுடன் குறுஞ்செய்தி அனுப்புவதற்கும் செயலிகள் இருக்கின்றன. போனில் ஒரு சிம் அட்டையைப் போட்டு, சார்ஜரில் மாட்டி, வீட்டு வைஃபையில் இணைத்து வையுங்கள். சிம்மின் டேட்டாவை மாத்திரம் நிறுத்திவிட வேண்டும். இல்லாவிட்டால் வீட்டு இணைப்பு அறுந்த பின்னும் போன் தன் சொந்த டேட்டாவின் மூலம் “இருக்கிறேன்” என்று சொல்லிக்கொண்டேயிருக்கும்.

இப்போது மௌனத்தின் காரணத்தை ஓரளவு பிரித்தறியலாம். மின்சாரம் போனால் ரௌட்டர் அணையும், பேர் பதிவதும் நிற்கும். ஆனால் போன் தன் பெட்டரியில் உயிரோடிருந்து “சார்ஜ் நின்றது” என்று குறுஞ்செய்தி அனுப்பும். குறுஞ்செய்தி வராமல் பேர் பதிவது மாத்திரம் நின்றால் மின்சாரம் இருக்கிறது, ரௌட்டரிலோ இணைப்பிலோ கோளாறு என்று கொள்ளலாம். ஃபைபர் இணைப்பானால், வீட்டில் இருப்பவரிடம் பெட்டியில் ‘லொஸ்’ என்ற விளக்கு சிவப்பாக எரிகிறதா என்று கேளுங்கள். எரிந்தால் வெளியே கம்பி அறுந்திருக்கக்கூடும், பெட்டியை எத்தனை தடவை அணைத்துப் போட்டாலும் பயனில்லை. பேர் பதிவதும் நின்று, அந்தப் போனுக்கு அழைத்தாலும் மணி அடிக்கவில்லையானால் கோபுரமே நின்றிருக்கலாம், அதைவிடப் பெரிதாக ஏதேனும் நடந்துமிருக்கலாம். அந்நேரம் தனியாக மேலே ஏறக்கூடாது. முதலில் அதே மேட்டில் இருக்கும் மற்றவர்களை அழைத்துப் பாருங்கள். கிராம உத்தியோகத்தரிடம் கேளுங்கள். அனர்த்த முகாமைத்துவ நிலையத்தின் 117 என்ற இலக்கமும் உண்டு.

அவகாசத்தை மிகக் குறைவாக வைக்காதீர்கள். மழைக்காலத்தில் மின்சாரம் வந்து வந்து போகும். ஐந்து நிமிடத்துக்கெல்லாம் எச்சரிக்கை வந்தால் இரண்டு கிழமையில் ஒருவரும் அதைத் திறந்து பார்க்க மாட்டார்கள். அரை மணி நேரம் பொருத்தமானது. செய்தி யாருக்குப் போக வேண்டும் என்பதையும் குடும்பமாகப் பேசி முடிவு செய்யுங்கள். ஒன்றும் செய்ய முடியாத தூரத்தில் இருக்கும் மகளுக்கு முதலாவதாகப் போவதை விட, அயலில் தங்கியிருப்பவருக்குப் போவது நல்லது. அவர் விசாரித்துவிட்டு மகளுக்குச் சொல்லட்டும்.

ரௌட்டர் மின்வெட்டிலும் இயங்க வேண்டுமானால் சிறிய யூ.பி.எஸ். ஒன்றைப் பொருத்தலாம். 2022இல் ஒரு நாளைக்குப் பதின்மூன்று மணி நேரம் வரை மின்வெட்டு நடந்தபோது பலர் இதை வாங்கினார்கள். 12 வோல்ட், 7 அம்பியர்-மணி பெட்டரி கணக்கின்படி 84 வாட்-மணி தரும். 10 வாட் ரௌட்டருக்கு நடைமுறையில் ஐந்தாறு மணி நேரம் தாங்கும். வாங்குமுன் ரௌட்டரின் அடியில் ஒட்டியுள்ள தாளில் எத்தனை வோல்ட் என்று பார்த்துக்கொள்ளுங்கள், ஒன்பதும் உண்டு, பன்னிரண்டும் உண்டு.

இரண்டு ஆபத்துகளையும் சொல்ல வேண்டும். எப்போதும் சார்ஜில் இருக்கும் பழைய போனின் பெட்டரி வீங்கலாம். அதைத் துணி, மெத்தை, கடதாசிக்கு அருகில் வைக்காமல் சீமெந்துத் தட்டின் மேல் வைத்து, மேலே போகிறவர் ஒவ்வொரு முறையும் பார்க்க வேண்டும். பின்புறம் புடைத்திருந்தால் உடனே கழற்றிவிடுங்கள். அடுத்தது இடி. பங்குனி, சித்திரையிலும், ஐப்பசி, கார்த்திகையிலும் மலைநாட்டில் இடி அதிகம். இடிக்கு முன் எல்லாவற்றையும் சுவரிலிருந்து கழற்றுவதே நல்லது. கழற்றியவர் அதை மற்றவர்களுக்கு ஒரு வார்த்தை சொல்லிவிடட்டும்.

இதைவிட முக்கியமானது ஒன்று உண்டு. பேர் ஒழுங்காகப் பதிகிறது என்றால் அந்த வீட்டில் மின்சாரமும் இணையமும் இருக்கின்றன என்பது மாத்திரமே பொருள். சரிவு பாதுகாப்பானது என்று பொருளல்ல. நிலத்தில் வெடிப்பு விரிந்துகொண்டிருக்கும்போதும் மின்கம்பம் நின்றுகொண்டுதான் இருக்கும், போனும் “இருக்கிறேன்” என்று சொல்லிக்கொண்டுதான் இருக்கும். சுவரிலோ நிலத்திலோ புதிய வெடிப்பு, மரங்களும் கம்பங்களும் சாய்தல், கதவு ஜன்னல் திடீரென இறுகுதல், புதிய ஊற்று தோன்றுதல் அல்லது பழைய ஊற்று கலங்குதல், வற்றுதல் ஆகியவற்றை மனிதர்தான் பார்த்தறிய வேண்டும். தேசிய கட்டிட ஆராய்ச்சி நிறுவனத்தின் எச்சரிக்கை வந்துவிட்டால், கணனி என்ன சொன்னாலும், மேலே இருக்கும் வயோதிபரைக் கூட்டிக்கொண்டு இறங்கிவிட வேண்டும்.

எல்லாவற்றையும் பொருத்திய பின் ஒரு சனிக்கிழமை பகலில், மழையில்லாத நேரம் பார்த்து, மெயின் சுவிட்சை அணைத்துச் சோதியுங்கள். குறுஞ்செய்தி எத்தனை நிமிடத்தில் வந்தது, மின்னஞ்சல் எத்தனை நிமிடத்தில் வந்தது என்று ஒரு கொப்பியில் எழுதிக்கொள்ளுங்கள். பின்பு சுவிட்சைப் போட்டு, ரௌட்டரும் போனும் யாரும் தொடாமல் தாமாகவே மீண்டும் இணைகின்றனவா என்று பாருங்கள். இணையாவிட்டால் அதை அன்றே சரிசெய்ய வேண்டும். மாதம் ஒருமுறை இதே சோதனையைச் செய்து, அதே கொப்பியில் திகதியோடு குறித்து வாருங்கள்.