பழைய விண்டோசை மீண்டும் ஏற்றிய பிறகு: வீட்டுக் கம்ப்யூட்டரில் வரும் கோளாறுகளும் தீர்வுகளும்

நம் வணிகப் பெருமக்களில் பலர் கடையில் பில் போட ஒரு கம்ப்யூட்டரும், இரவில் கணக்கு எழுத வீட்டில் பழைய கம்ப்யூட்டர் ஒன்றும் வைத்திருக்கிறார்கள். கடையடைத்து வந்ததும் அன்றைய பற்று வரவை அதில் ஏற்றிவிட்டுத்தான் சாப்பிட உட்காருகிறவர்கள் உண்டு. அந்தக் கம்ப்யூட்டர் படுத்துவிட்டால் யார் எவ்வளவு பாக்கி என்பதே தெரியாமல் போகும்.

விண்டோஸ் 10-க்கான பொது ஆதரவை மைக்ரோசாஃப்ட் 2025 அக்டோபர் 14-ம் தேதியோடு நிறுத்திக்கொண்டது. பழைய கம்ப்யூட்டர்கள் பலவற்றில் விண்டோஸ் 11-ஐ முறைப்படி ஏற்ற முடியாது. இன்னொரு பக்கம், டாஸ் காலத்தில் எழுதிய பில் புரோகிராமை விட மனமில்லாதவர்கள் 32 பிட் விண்டோஸ் 7-க்கே திரும்புகிறார்கள். விண்டோஸ் 7-க்கும் ஆதரவு 2020 ஜனவரி 14-ம் தேதியே முடிந்துவிட்டது. ஆகவே அப்படித் திரும்புங்கள் என்று யாருக்கும் இங்கே யோசனை சொல்லவில்லை. தேவைக்காகத் திரும்பியவர்கள் என்னென்ன பார்க்க வேண்டும் என்பதே இந்தப் பாடம்.

முதலில் கணக்கு, பிறகுதான் கம்ப்யூட்டர்

எங்கள் வீட்டில் நடந்ததைச் சொல்கிறேன். பழுது பார்க்க வந்தவர் நல்ல வேலைக்காரர்தான். டிஸ்க்கை ஃபார்மட் செய்யும் முன் டாக்குமெண்ட்ஸ், டெஸ்க்டாப், பில் புரோகிராம் இருந்த போல்டர் எல்லாவற்றையும் பென் டிரைவில் நகல் எடுத்தார். விண்டோசை ஏற்றி, புரோகிராமையும் வைத்துத் திறந்தார். திறந்தது. ஆனால் வாடிக்கையாளர் பாக்கி எல்லாம் அந்தப் புரோகிராமை முதன்முதலில் அந்தக் கம்ப்யூட்டருக்கு மாற்றிய நாளோடு நின்றிருந்தது. அதன் பிறகு எழுதிய 2 வருடக் கணக்கைக் காணோம்.

காரணம் பிறகுதான் தெரிந்தது. விஸ்டாவிலிருந்து பின் வந்த விண்டோஸ்களில், புரோகிராம் ஃபைல்ஸ் போல்டருக்குள் எழுதச் சாதாரண புரோகிராமுக்கு அனுமதி இல்லை. பழைய புரோகிராம் எழுத முயன்றால், விண்டோஸ் அதைச் சத்தமில்லாமல் வேறோர் இடத்தில் எழுதி வைக்கும். அந்த இடத்தின் பெயர் விர்ச்சுவல் ஸ்டோர். யூசர்ஸ் போல்டரில் உங்கள் பெயருக்குள், ஆப் டேட்டா என்ற மறைந்த போல்டரில், லோக்கல் என்பதற்குள் அது இருக்கும். நகல் எடுத்தவர் அதைப் பார்க்கவில்லை. கடைசியில் கைநோட்டையும் துண்டுச் சீட்டுகளையும் வைத்துத் திரும்ப எழுதினோம். சீட்டு இல்லாத பாக்கிகளை வாடிக்கையாளர் சொன்ன தொகைக்கே முடித்துக்கொள்ள வேண்டியதாயிற்று.

டிஸ்க்கை ஃபார்மட் செய்யாமல் அதே பார்ட்டிஷனில் விண்டோசை ஏற்றியிருந்தால் பயப்பட வேண்டாம். சி டிரைவில் 'விண்டோஸ் ஓல்டு' என்ற போல்டர் உருவாகியிருக்கும். பழைய யூசர்ஸ் போல்டர் அதற்குள் இருக்கும். மேலே சொன்ன வழியில் தேடி எடுத்துக்கொள்ளலாம். கணக்கு கைக்கு வரும்வரை டிஸ்க் க்ளீனப் ஓட்டக் கூடாது. அது இந்தப் போல்டரையே நீக்கிவிடக்கூடும். ஃபார்மட் செய்துவிட்டால் உடனே கம்ப்யூட்டரை நிறுத்திவிடுங்கள். அதில் மேற்கொண்டு எதையும் எழுத எழுத, பழைய பதிவு மீளும் வாய்ப்பு குறையும். டேட்டா மீட்பவரிடம் டிஸ்க்கை அப்படியே கொடுப்பது நல்லது.

ஏற்றும்போதே நின்றுவிட்டால்

1. கீபோர்டும் மவுசும் வேலை செய்யவில்லை: விண்டோஸ் 7 டிஸ்க்கில் யுஎஸ்பி 3.0-க்கான டிரைவர் இல்லை. பெரும்பாலும் நீல நிறத்தில் இருக்கும் அந்தத் துளையிலிருந்து எடுத்து, கறுப்பு நிறத் துளையில் செருகிப் பாருங்கள். பழைய வட்டத் துளைக் கீபோர்டு இருந்தால் இன்னும் நல்லது.

2. டிஸ்க்கை ஏற்க மறுத்து 'ஜிபிடி' என்று காட்டுகிறது: 32 பிட் விண்டோஸ் 7 அந்த வகை டிஸ்க்கிலிருந்து கிளம்பாது. பார்ட்டிஷன்களை அழித்தால் ஏறும். ஆனால் டிஸ்க்கில் உள்ள அத்தனையும் போய்விடும். நகல் கையில் இல்லாமல் அழிக்கும் பட்டனைத் தொடவே கூடாது.

3. நீலத் திரை வந்து, கடைசியில் 7பி என்று முடியும் எண் காட்டுகிறது: விண்டோசுக்கு டிஸ்க்கோடு பேச முடியவில்லை என்று பொருள். பயாசில் சாட்டா என்ற இடத்தில் ஐடிஇ, ஏஹெச்சிஐ என இரு முறைகள் இருக்கும். விண்டோசை ஏற்றியபோது எந்த முறை இருந்ததோ அதுவே தொடர வேண்டும். சில பழைய போர்டுகளில் பேட்டரி தீர்ந்தால் இந்த அமைப்பு தானாகவே மாறிவிடும். போர்டில் உள்ள 3 வோல்ட் நாணய பேட்டரியை மாற்றிவிட்டு, பழைய முறையை மீண்டும் வையுங்கள்.

எழுத்து பெரிதாக, இணையம் இல்லாமல்

விண்டோஸ் ஏறிவிட்டது. ஆனால் திரையில் எழுத்துகள் பெரிதாக இருக்கின்றன, ஒலி வரவில்லை, இணையமும் இல்லை. இது பழுதல்ல, டிரைவர் இல்லாத குறை. டிவைஸ் மேனேஜரைத் திறந்தால் மஞ்சள் குறியோடு சில பெயர்கள் இருக்கும். பிராபர்ட்டீசில் கோடு 28 என்று வந்தால் டிரைவர் ஏறவில்லை என்று அர்த்தம்.

அதே இடத்தில் டீடெயில்ஸ் பகுதியில் ஹார்டுவேர் ஐடி என்ற வரி இருக்கிறது. அதில் தயாரிப்பாளருக்கு ஓர் எண் உண்டு. 8086 என்றால் இன்டெல், 10இசி என்றால் ரியல்டெக், 1002 என்றால் ஏஎம்டி. அந்த வரி முழுவதையும் குறித்துக்கொண்டு, வேறொரு கம்ப்யூட்டரில் தயாரிப்பாளரின் தளத்திலிருந்து டிரைவரை இறக்கிக்கொள்ளலாம். சிப்செட் டிரைவர், நெட்வொர்க் டிரைவர், பிறகு திரை, ஒலி என்ற வரிசையில் போடுங்கள். 'எல்லா டிரைவரும் ஒரே சொடுக்கில்' என்று வரும் இலவசப் புரோகிராம்களை நம்ப வேண்டாம்.

8 ஜிபி மெமரி போட்டும் 3 ஜிபி சொச்சம்தான் பயனில் இருப்பதாகக் காட்டினால் கடைக்காரரிடம் சண்டைக்குப் போக வேண்டாம். சாதாரண 32 பிட் விண்டோஸ் 7-க்கு 4 ஜிபிக்கு மேல் பயன்படுத்தத் தெரியாது.

தேதியும் ரூபாயும்

நம் வியாபாரத்துக்கு இதுதான் மிக முக்கியம். விண்டோஸ் ஏறும்போது அமெரிக்க முறையிலேயே விட்டுவிட்டால் மூன்று தொல்லைகள் வரும்.

முதலாவது, நேரம். மணி அமெரிக்க மேற்குக் கரை நேரத்தில் இருந்து, இணையத்தோடு சரிசெய்துகொண்டால், காலை 9 மணிக்குப் போடும் பில்லில் முந்தைய நாள் தேதி விழும். டைம் ஜோனில் இந்திய நேரத்தைத் தேர்ந்தெடுங்கள்.

இரண்டாவது, தேதி எழுதும் முறை. நாம் 03/04 என்றால் ஏப்ரல் 3. அமெரிக்க முறையில் அது மார்ச் 4. ஏப்ரல் 3 புது நிதியாண்டு. மார்ச் 4 பழைய ஆண்டு. ஒரு கொள்முதல் பில் எந்த ஆண்டில் சேருகிறது என்பதே மாறிவிடும். 13-ம் தேதியிலிருந்து புரோகிராம் தேதியை ஏற்க மறுத்தால் இதுதான் காரணம். கண்ட்ரோல் பேனலில் ரீஜன் பகுதியில் 'இங்கிலீஷ் இந்தியா' என்று மாற்றினால், லட்சத்துக்குரிய கமாவும் 1,00,000 என்று நம் முறையில் வரும்.

மூன்றாவது, ரூபாய்க் குறி. நம் ரூபாய்க் குறியை அரசு ஏற்றது 2010 ஜூலையில். விண்டோஸ் 7 வெளிவந்தது 2009 அக்டோபரில். ஆகவே பழைய டிஸ்க்கிலிருந்து ஏற்றினால் குறி வர வேண்டிய இடத்தில் வெறும் கட்டம் தெரியும். இதற்கென்றே மைக்ரோசாஃப்ட் தனி அப்டேட் ஒன்று வெளியிட்டது. அதுவரை 'ரூ.' என்று அச்சிட்டுக்கொள்ளலாம்.

அதேபோல, பாமினி போன்ற பழைய தமிழ் எழுத்துருவில் அடித்த விலைப்பட்டியல் வெறும் ஆங்கில எழுத்துகளாகத் தெரிந்தால் பட்டியல் கெட்டுவிடவில்லை. அந்த எழுத்துருவை மீண்டும் ஏற்றினால் போதும்.

பழைய பில் புரோகிராமும் பிரிண்டரும்

டாஸ் புரோகிராம் 32 பிட் விண்டோசில்தான் நேரடியாக ஓடும். தவறி 64 பிட்டை ஏற்றியிருந்தால் எந்த வித்தையும் பலிக்காது; 32 பிட்டையே ஏற்ற வேண்டும், அல்லது டாஸ்பாக்ஸ் போன்ற புரோகிராமுக்குள் ஓட்ட வேண்டும்.

முழுத் திரையில் ஓடாது என்று செய்தி வந்தால் பழுது என்று எண்ண வேண்டாம். விண்டோஸ் 7-ன் திரை டிரைவர் அதை அனுமதிப்பதில்லை. ஜன்னலாகவே ஓடவிட்டு, எழுத்தின் அளவைப் பெரிதாக்கிக்கொள்ளுங்கள். ஒரே நேரத்தில் அதிக ஃபைல்கள் திறந்துவிட்டன என்று சொல்லி நின்றால், சிஸ்டம் 32 போல்டரில் உள்ள கான்பிக் என்டி ஃபைலில் ஃபைல்ஸ் என்ற வரியில் 40 இருப்பதை 100 ஆக்குங்கள்.

பில் யுஎஸ்பி டாட் மேட்ரிக்ஸ் பிரிண்டருக்குப் போகவில்லையா? டாஸ் புரோகிராமுக்கு எல்பிடி1 என்ற பழைய வாசல் மட்டுமே தெரியும். பிரிண்டரை ஷேர் செய்து, நெட் யூஸ் கட்டளையால் எல்பிடி1-ஐ அந்த ஷேர் பெயரோடு இணைத்துவிட்டால் பில் ஒழுங்காக வரும்.

புதிதாக வைக்கும்போது பில் புரோகிராமை புரோகிராம் ஃபைல்சுக்குள் வைக்காதீர்கள். டி டிரைவில் தனிப் போல்டர் போட்டு வையுங்கள். கணக்கு எங்கே இருக்கிறது என்பது வீட்டில் எல்லாருக்கும் தெரியும்.

இணையத்தில் எச்சரிக்கை

2017 மே மாதம் வானாக்ரை என்ற வைரஸ் உலகெங்கும் கம்ப்யூட்டர்களைப் பூட்டிப் பணம் கேட்டது. அதைத் தடுக்கும் அப்டேட் இரண்டு மாதம் முன்பே, மார்ச்சிலேயே வந்திருந்தது, போடாதவர்கள் மாட்டிக்கொண்டார்கள். பழைய டிஸ்க்கிலிருந்து ஏற்றிய உங்கள் விண்டோசில் அந்த அப்டேட் இருக்காது. கூகுள் குரோமும் விண்டோஸ் 7-க்கு 109-ம் பதிப்போடு நின்றுவிட்டது. ஆகவே பழைய கம்ப்யூட்டரைக் கணக்குக்கு மட்டும் வைத்துக்கொண்டு, டிரைவரும் அப்டேட்டும் போட்டு முடிந்ததும் இணைய வயரைக் கழற்றிவிடுங்கள். பாங்கு வேலையும் ஜிஎஸ்டி வேலையும் ஆதரவு உள்ள வேறு கம்ப்யூட்டரில் நடக்கட்டும்.

ஒப்படைத்துப் பணம் கொடுக்கும் முன் சரிபார்க்க வேண்டியவை

1. கடைசியாக எழுதிய நாளின் கணக்கு இருக்கிறதா?
2. கைநோட்டில் உள்ள 5 பேரின் பாக்கி கம்ப்யூட்டரில் உள்ளதோடு ஒத்துப்போகிறதா?
3. ஒரு சோதனை பில் அச்சாகி, தேதி சரியாக வருகிறதா? பார்த்த பின் அந்தப் பில்லை ரத்து செய்துவிடவும்.
4. மின்சாரத்தைத் துண்டித்து அரை மணி கழித்துப் போட்டால் கடிகாரம் சரியாக இருக்கிறதா?
5. இரண்டு பென் டிரைவ்களில், ஒற்றைத் தேதிக்கு ஒன்று, இரட்டைத் தேதிக்கு ஒன்று என்று நகல் எடுக்கும் பழக்கம் இன்றே தொடங்கிவிட்டதா?

புரோகிராம் திறந்துவிட்டது என்றதும் பழுது பார்த்தவரை அனுப்பிவிட்டோம். அதுதான் நாங்கள் செய்த தவறு. விண்டோசை எத்தனை முறை வேண்டுமானாலும் ஏற்றலாம். கணக்குக்கு நகல் இல்லாவிட்டால் அது போனது போனதுதான்.