வாசலில் அமர்ந்தவர் யார்?

சென்ற பொங்கலன்று நம் சங்கத்தின் விருந்து முடிந்து இலை எடுத்துக்கொண்டிருந்தபோது, வரலாறு பயிலும் தம்பி ஒருவர் என்னைத் தனியே அழைத்தார். "அண்ணே, ஒரு துளி இரத்தத்தில் மாரடைப்பைக் கண்டுபிடிக்கிற பட்டையைத்தானே நீங்கள் செய்கிறீர்கள்? எங்கள் ஊருக்கு ஒன்று அனுப்ப முடியுமா?" என்றார். அவருடைய தந்தைக்கு நெஞ்சு வலித்த அன்று, ஊரில் பார்த்தவர்கள் வாயு என்று சொல்லி அனுப்பிவிட்டார்களாம். மறுநாள் நகரத்தில் இரத்தம் எடுத்துப் பார்த்த பிறகே உண்மை தெரிந்தது. தந்தை பிழைத்தார், இதயத்தின் ஒரு பகுதி பிழைக்கவில்லை.

அந்த இரைச்சலில் அவருக்கு நேரான விடை கூற என்னால் இயலவில்லை. அதை இங்கே எழுதுகிறேன்.

இதயத் தசை சிதையும்போது ட்ரோபோனின் என்னும் புரதம் குருதியில் கசிகிறது. சில மணி நேரத்தில் அதன் அளவு உயர்ந்துவிடும். மருத்துவமனைகளில் இதனை அளக்கும் கருவிகள் பெரும்பாலும் சுட்டி முறையில் இயங்குபவை. ஆன்டிபாடி எனப்படும் எதிர்ப்பொருள் ஒன்று ட்ரோபோனினைப் பிடித்துக்கொள்ளும். இரண்டாவது எதிர்ப்பொருள் அதன் வேறோர் இடத்தைப் பற்றும். இந்த இரண்டாவதன்மேல் ஒளிவிடும் பொருளோ நொதியோ ஒட்டப்பட்டிருக்கும். அதுதான் சுட்டி, சலவைக்குப் போட்ட வேட்டியின் மூலையில் மையால் இட்ட குறி போன்றது. 1960-இல் பெர்சனும் யாலோவும் இன்சுலினை அளக்கக் கதிரியக்க அயோடினைச் சுட்டியாக்கினர். 1971-இல் நொதி அவ்விடத்துக்கு வந்தது.

சுட்டியை ஒட்டவும் கழுவவும் காத்திருக்கவும் வேண்டும். அவ்வளவும் எதற்கு என்பதே எங்கள் ஆய்வகத்தின் வினா.

பொன் மின்முனை ஒன்றைக் கோயில் வாசலாக எண்ணிக்கொள்ளுங்கள். கரைசலிலுள்ள பெர்ரோசயனைடு அயனிகள் அவ்வாசலை நாடி வந்து, தம்மிடமுள்ள எலக்ட்ரானைச் செலுத்திவிட்டுத் திரும்புகின்றன. வாசற்படியில் எதிர்ப்பொருள்களை முன்கூட்டியே அமர்த்திவைக்கிறோம். அவை ட்ரோபோனினைப் பிடித்து மடியில் வைத்துக்கொண்டால் வழி குறுகும்; வரிசை தாமதப்படும். பத்து மில்லிவோல்ட் அளவே ஆன மாறுதிசை மின்னழுத்தத்தை, விரைவாகவும் மெதுவாகவும் மாற்றி மாற்றிக் கொடுத்து அளந்தால், வரைபடத்தில் ஓர் அரைவட்டம் கிடைக்கும். தாமதம் மிகுந்தால் அரைவட்டம் பெருக்கும். சுட்டியும் வேண்டாம், இரண்டாம் எதிர்ப்பொருளும் வேண்டாம். எத்துணை எளிது!

நானும் அப்படித்தான் மயங்கினேன். முதல் மூன்று மாதம், ட்ரோபோனின் கலந்த சீரத்தை வைத்தபோதெல்லாம் அரைவட்டம் அழகாகப் பெருத்தது. கட்டுரைக்குத் தலைப்புக்கூட எழுதிவிட்டேன். மூத்த மாணவி ஒருவர் வரைபடங்களைப் பார்த்துவிட்டு, "ட்ரோபோனின் கலக்காத சீரத்தை வைத்தாயா?" என்று மட்டும் கேட்டார். வைத்தேன். அரைவட்டம் ஏறக்குறைய அதே அளவுக்குப் பெருத்தது.

காரணம் கணக்கில் இருக்கிறது. ஒரு லிட்டர் சீரத்தில் ஆல்புமின் என்னும் புரதம் சுமார் 40 கிராம். நோயைக் காட்டும் ட்ரோபோனினின் அளவோ சில பத்து நானோகிராம். எல்லை கருவிக்குக் கருவி மாறும், 40 என்றே கொள்வோம். அதாவது நாம் தேடும் ஒரு பங்குக்கு நூறு கோடி பங்கு ஆல்புமின்! அதில் மிகச் சிறிய பகுதி படியில் சாய்ந்தாலும் வாசல் அடைபடும். வரிசை தாமதப்பட்டதை மின்னோட்டம் சொல்லும். அமர்ந்தவர் யார் என்று சொல்லாது. சுட்டி முறையில் இரு எதிர்ப்பொருள்கள் ஒரே பொருளை அடையாளம் கண்டால்தான் ஒளி வரும். சுட்டியைத் துறந்த நாங்கள் அந்த இரண்டாம் சாட்சியையும் துறந்துவிட்டோம்.

சர்க்கரை அளக்கும் பட்டை வீட்டுக்கு வீடு வந்துவிட்டதே என்று தம்பி கேட்கலாம். கிளார்க்கும் லையன்ஸும் 1962-இல் நொதி மின்முனைக்கு வழிகாட்டினர். ஆயினும் குருதியில் குளுக்கோஸ் லிட்டருக்கு ஒரு கிராம் அளவில் இருக்கிறது. ட்ரோபோனினைப்போல் இரண்டரைக் கோடி மடங்கு. அன்றியும் நொதி குளுக்கோஸை வேதிவினைக்கு உட்படுத்துகிறது. வெறுமனே பிடித்து வைப்பதில்லை.

பரிகாரம் இல்லாமலில்லை. எதிர்ப்பொருள்களுக்கு இடைப்பட்ட வெற்றிடங்களைப் புரதம் ஒட்டாத பாலிமரால் மூடலாம். ஆனால் அளவு மீறி மூடினால் அயனிகளும் நுழையா. அரைவட்டம் தொடக்கத்திலேயே பெருத்துவிடும், பிறகு ட்ரோபோனின் வந்தாலும் வேறுபாடு தெரியாது. இந்தத் தடிப்பைச் சரிப்படுத்துவதிலேயே எனக்கு ஒரு பருவம் கழிந்தது. வடநாட்டுக் குளிர் வேறு! சனவரியில் எடுத்த அளவும் மே மாதத்து அளவும் ஒத்துவரவில்லை. வெப்பநிலை ஏறினால் எலக்ட்ரான் பரிமாற்றமும் விரைவுபடும் என்பதைப் பாடத்தில் படித்திருந்தும், கையால் தொட்ட பிறகே நம்பினேன்.

இப்போது இரு முனைகளை அருகருகே வைக்கிறேன். ஒன்றில் ட்ரோபோனினைப் பிடிக்கும் எதிர்ப்பொருள். மற்றதில் அதனோடு தொடர்பே இல்லாத வேறோர் எதிர்ப்பொருள். இரண்டும் ஒரே துளியில், ஒரே வெப்பத்தில் நனைகின்றன. ஆல்புமின் இரண்டிலும் ஏறக்குறைய ஒரே அளவில் சாயும். ஒன்றிலிருந்து மற்றதைக் கழித்தால் எஞ்சுவதே ட்ரோபோனின் கணக்கு. உப்புக் கரைசலில் இது நன்கு வருகிறது. சீரத்தில் சில நாள் வருகிறது, சில நாள் வருவதில்லை. முழுக் குருதியில் இன்னும் தொடவில்லை.

ஆகவே தம்பி, ஊருக்கு அனுப்ப என்னிடம் பட்டை இல்லை. நெஞ்சு வலித்தால் இ.சி.ஜி.யும் ட்ரோபோனின் சோதனையும் உள்ள மருத்துவமனைக்கு உடனே செல்லும்படி வீட்டாருக்கு எழுதுங்கள். முதல் சோதனையில் ஒன்றும் தெரியாவிட்டாலும், சில மணி நேரம் கழித்து மறுபடி இரத்தம் எடுக்கச் சொல்லிக் கேட்கச் சொல்லுங்கள். திங்கட்கிழமை முதல் ட்ரோபோனின் இல்லாத சீரத்தையே பன்னிரண்டு இணை முனைகளில் அளக்கப் போகிறேன். நேரமிருந்தால் ஆய்வகத்துக்கு வாருங்கள், அரைவட்டத்தைக் காட்டுகிறேன்.