கடல் கடந்த குரலும் அரை வினாடியும்

அயல்நாட்டில் பணிபுரிவோர் தம் வீட்டாருடன் தொலைபேசியில் பேசுங்கால், கேள்விக்கும் விடைக்கும் நடுவே ஒரு சிறு மௌனம் வந்து நிற்பதுண்டு. அதன் காரணம் யாது என்பதை இயற்பியல் மாணவன் என்ற முறையில் இங்கு ஆராய முற்படுகிறேன்.

1971-ல் புனே அருகே ஆர்வியில் செயற்கைக்கோள் தரைநிலையம் அமைந்த பின்பு, நம் நாட்டின் வெளிநாட்டு அழைப்புகள் பல விண்வழியே செல்லலாயின. இத்தகு செயற்கைக்கோள் நிலநடுக்கோட்டுக்கு மேல் ஏறத்தாழ 36,000 கி.மீ. உயரத்தில் நிற்பது. குரல் மேலேறிக் கீழிறங்க 72,000 கி.மீ. ஒளியின் வேகமோ வினாடிக்கு 3 லட்சம் கி.மீ. எனவே 0.24 வினாடி. மறுமொழி வந்துசேர இன்னுமொரு 0.24. ஆகக் கிட்டத்தட்ட அரை வினாடி! எவ்வளவு பணம் கட்டினாலும் இது குறையாது.

இந்த அரை வினாடி எங்கள் வீட்டில் செய்த வேலையைச் சொல்லவேண்டும். என் மாமா 1990-களில் குவைத்தில் வெல்டராக இருந்தார். மந்தைவெளியில் எங்கள் வீட்டில் தொலைபேசி கிடையாது. எதிர்வீட்டு எண்தான் எங்களுக்குப் பி.பி. எண். மாமா ஒருமுறை அழைத்துச் சொல்லிவிட்டு, பத்து நிமிடம் கழித்து மீண்டும் அழைப்பாராம். அதற்குள் பாட்டி ஓடிப்போய் நிற்பார்.

"சாப்பிட்டியாப்பா?"

மௌனம். பிறகே, "சாப்பிட்டேம்மா."

பிள்ளை யோசித்துப் பொய் சொல்கிறான், பட்டினி கிடக்கிறான் என்று பாட்டி முடிவுகட்டிவிடுவார். அன்றிரவு அவரும் உண்ணமாட்டார் என்று அம்மா சொல்லக் கேட்டிருக்கிறேன். சென்ற ஆண்டு மேற்கண்ட கணக்கைப் பாட்டிக்குப் போட்டுக் காட்டினேன். பொறுமையாகக் கேட்டுவிட்டு, "கணக்கு சரிதாண்டா. அவன் குரலும் அப்படித்தானே இருந்தது?" என்றார். இதற்கு எங்கள் பாடநூலில் சூத்திரம் இல்லை.

கடலடிக் கம்பி வழியே செல்லும் அழைப்பின் நிலை வேறு. 1981-லேயே சென்னைக்கும் மலேசியாவின் பினாங்குக்கும் இடையே அத்தகைய கம்பி இடப்பட்டது. 2002-ல் சென்னை - சிங்கப்பூர் கண்ணாடியிழைக் கம்பி வந்தது. நீளம் சுமார் 3,200 கி.மீ. கண்ணாடியினுள் ஒளி வினாடிக்கு 2 லட்சம் கி.மீ. வேகத்தில்தான் செல்லும். ஆயினும் அத்தூரத்திற்கு 0.016 வினாடியே போதும். நம் செவி அதை உணராது.

அப்படியாயின் இன்று கைபேசியில் இணையவழிப் பேசும்போதும் சிலவேளை தாமதம் நேர்வதேன்? தூரம் மட்டும் காரணமன்று. குரல் சிறு சிறு துண்டுகளாக வெட்டி அனுப்பப்படுகிறது. நெரிசலில் சில துண்டுகள் பிந்தி வருகின்றன. அவற்றை வரிசைப்படுத்தி ஒலிக்கச் செய்யும் பொருட்டு, கேட்பவரின் கருவி சற்றுக் காத்திருக்கிறது.